மெருகேறும் துப்பாக்கியும் மழுங்கும் புத்தியும்

2019 ஆம் ஆண்டு நவராத்திரி காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர். ஆயுத பூசையன்று அவரது கராஜில் சாவிகளும் அரங்களும் சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு கைத்துப்பாக்கி! அதற்கும் பொட்டு வைத்திருந்தார்.

“மச்சான், கம்பனி செய்ததைவிட நான் திருத்தினது திறம். விசையைத் தொட்டுப் பார், வெண்ணெய் மாதிரி இருக்கும்” என்றார்.

நான் தொடவில்லை. அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்களுக்குள் இன்றுவரை தீரவில்லை. அவரைப் போன்றவர்கள் இப்போது எம்மவரிடையேயும் பெருகி வருவதால் அந்த வாக்குவாதத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

அவர் வைத்திருந்தது சாதாரண துப்பாக்கியல்ல. ஜோன் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 ஆம் திகதி அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ஏற்றுக்கொண்ட ஆண்டே அதன் பெயராயிற்று: எம் 1911. அதன் பிறப்புக்கு ஒரு பின்னணி உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ மக்களை அடக்கப் போன அமெரிக்கப் படையினர், தமது சிறிய சுழல்துப்பாக்கிகளால் பாய்ந்து வரும் மனிதனை நிறுத்த முடியவில்லை என்று முறையிட்டனர். இதையடுத்து 1904 இல் இரண்டு அதிகாரிகள் மனிதப் பிணங்கள் மீதும், சிக்காகோ இறைச்சிக்கூடங்களின் உயிருள்ள மாடுகள் மீதும் சுட்டுப் பரிசோதித்தனர். சன்னத்தின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது அவர்களது முடிவு. அழகான பொருள் என்று இன்று கொண்டாடப்படும் இந்தத் துப்பாக்கியின் அளவு அந்த இறைச்சிக்கூடத்தில் தீர்மானிக்கப்பட்டது. இதை மெருகேற்றுவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பொறியியல் என்ற வகையில் பிரவுனிங்கின் ஆக்கம் வியப்புக்குரியது என்பதை நான் மறுக்கவில்லை. இறுதிச் சோதனையில் 6,000 ரவைகள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். ஒரு தடவையேனும் அது பழுதாகி நிற்கவில்லை. வேறு கருவி எதுவுமின்றி, அதன் பாகங்களையே கருவிகளாகக் கொண்டு முழுவதையும் கழற்றலாம். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பெயர்போன ரெமிங்டன் ராண்ட் நிறுவனமே இதனை இலட்சக்கணக்கில் செய்து கொடுத்தது. 1985 இல் பெரெட்டாவுக்கு இடம்விட்டுக் கொடுக்கும்வரை 74 ஆண்டுகள் அது இராணுவத்தின் நியமத் துப்பாக்கியாக இருந்தது.

கழற்றுவது இலகு என்பதாலேயே வீட்டு மேசைக்கும் அது வந்து சேர்ந்தது. இராணுவப் பிரதிகள் சற்றுத் தளர்வாகவே பொருத்தப்பட்டிருந்தன. சேற்றிலும் மணலிலும் இயங்க வேண்டுமே! குறிதவறாத போட்டித் துப்பாக்கியை விரும்பியோர் அந்தத் தளர்வை நீக்க முற்பட்டனர். ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் நடைபெறும் தேசியப் போட்டிகளுக்காக, தேர்ந்த கொல்லர்கள் உருக்கை மயிரிழை மயிரிழையாகச் சீவிப் பொருத்தினார்கள். அது வருடக்கணக்கில் பயின்ற தொழில். அத்தொழிலாளர் மீது எனக்குக் கோபம் எதுவுமில்லை.

என் கோபமெல்லாம் தபாலில் ஒரு பொதியும் கையில் ஓர் அரமும் வந்தவுடன் தம்மையும் கொல்லர் என்று எண்ணிக்கொள்பவர்கள் மீதுதான். பிடிக்கு அழகான மரம் மாட்டுவதையோ குறிபார்க்கும் முனையை மாற்றுவதையோ நான் சொல்லவில்லை. அவர்களது கை அத்துடன் நிற்பதில்லை, விசைக்குப் போகிறது. பின்னிழுத்து நிற்கும் சுத்தியலைத் தடுத்து வைத்திருப்பது மிகச் சிறிய உருக்கு விளிம்பொன்று. அதைத் தேய்த்தால் விசை மிருதுவாகும். அளவு மீறித் தேய்த்தால் துப்பாக்கி தன் விருப்பப்படி வெடிக்கும். அந்த அளவை விரலால் உணர முடியாது. கண்ணாலும் காண முடியாது. இன்று சரியாக இருப்பது இன்னும் நூறு ரவைகளின் பின்னர் சரியாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இது என் கற்பனையல்ல. நண்பரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் முதன்முறை “திருத்திய” பின்னர், சுடுதளத்தில் ஒருமுறை விசையை அழுத்த இரண்டு ரவைகள் பாய்ந்தனவாம். இரண்டாவது கூரையைத் துளைத்ததாம். “பிறகு சரிப்படுத்திப் போட்டன்” என்றார். அவர் அதைச் சொன்னபோது பன்னிரண்டு வயது மகன் அருகில் நின்று தந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கூரைக்குப் பதிலாக வேறெங்கு அது போயிருக்கக்கூடும் என்று நான் கேட்டேன். சிரிப்பு நின்றது. பதில் வரவில்லை.

பிரவுனிங்கின் முந்தைய மாதிரியில் பெருவிரலால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு இருக்கவில்லை. குதிரைமேல் இருப்பவன் ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்தபடி துப்பாக்கியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று குதிரைப்படை வற்புறுத்தியதாலேயே அது சேர்க்கப்பட்டது. கொல்லும் கருவியைக் கேட்ட இராணுவமே தன் ஆளைக் காக்கவும் ஒரு பாகத்தைக் கேட்டது. வீட்டுக் கொல்லரோ பிடியிலுள்ள மற்றைய பாதுகாப்புப் பாகம் கையை உறுத்துகிறது என்று அதைச் செயலிழக்கச் செய்கிறார். இதற்குப் பெயர் மேம்பாடா?

சட்டமும் இதற்குத் துணைபோகிறது. 1968 ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய கைத்துப்பாக்கியில் சட்டகத்தை மட்டுமே “துப்பாக்கி” என்று கொள்கிறது. குழாய், சுத்தியல், விசை யாவும் சைக்கிள் உதிரிப்பாகம் போலத் தபாலில் வரும். இந்த ஓட்டையினூடாகவே, சற்றுத் துளையிட்டால் முடிந்துவிடும் நிலையிலுள்ள, இலக்கமற்ற சட்டகங்களும் விற்பனைக்கு வந்தன. 2022 இல் கொண்டுவரப்பட்ட விதியொன்று அவற்றில் பலவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அவ்விதியைச் செல்லாதென அறிவிக்க 2025 மார்ச் 26 ஆம் திகதி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மறுத்தது. நல்லது. ஆனால் விசையைத் தேய்க்கும் அரத்தை எந்த விதியும் தொடவில்லை.

“நான் கடதாசியைத்தானே சுடுகிறேன்” என்பது நண்பரின் வாதம். உண்மைதான். ஆனால் கடதாசியைச் சுட்ட பிறகு துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பி வருகிறது. 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மனம் உடைந்த ஒருவனுக்கும் மரணத்துக்கும் இடையே சில வேளைகளில் பூட்டிய பெட்டியொன்றும் இறுக்கமான விசையொன்றும்தான் நிற்கின்றன. அந்த விசையை வெண்ணெய் ஆக்குவதில் என்ன பெருமை?

நண்பர் என்னைக் கோழை என்கிறார். இருக்கட்டும். நான் மறுமுனையில் நின்று செய்தி எழுதியவன். 2000 ஒக்டோபர் 19 இல் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். 2004 மே 31 இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். “பிஸ்டல்” என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்திய ஊர்களிலிருந்து போனவர்கள், அதே சொல்லைக் கேட்டதும் மெருகெண்ணெயைத் தேடுகிறார்கள் என்றால் எங்கோ எதையோ மறந்துவிட்டோம்.

துப்பாக்கி வைத்திருப்பது அந்நாட்டில் சட்டம் தந்த உரிமை. அதைப் பறிக்க நான் யார்? ஆனால் வைத்திருப்பவர் விசையையும் பாதுகாப்புப் பாகங்களையும் தொடாதிருக்கட்டும். பழுதென்றால் தேர்ந்த கொல்லரிடம் கொடுக்கட்டும். வீட்டில் ரவைகளை அகற்றிப் பூட்டி வைக்கட்டும். பிள்ளைக்கு அதை விளையாட்டுப் பொருளாகக் காட்டாதிருக்கட்டும். இவ்வளவையும் செய்தபின் அதை மெருகேற்ற நேரமிருந்தால் ஏற்றட்டும்.

ஆயுத பூசையில் நாம் வணங்குவது எம்மை வாழவைக்கும் கருவிகளை. நண்பரே, அடுத்த நவராத்திரிக்கு அரங்களுக்கும் சாவிகளுக்கும் தாராளமாகப் பொட்டு வையுங்கள். நடுவிலிருப்பதை மட்டும் எடுத்துப் பூட்டிவிடுங்கள்.