உணவும் கல்வியும்

வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் மாணவனை மந்த அறிவினன் என்று இகழ்வோர் பலர். அவன் காலையில் உண்டு வந்தானா என வினவுவோர் மிகச் சிலரே. பல வேளைகளில் குறை அறிவில் இல்லை, வயிற்றில் உள்ளது.

வளர்ந்தோர் உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு அதற்கே வேண்டும். வளரும் சிறுவர்க்கு இப்பங்கு இன்னும் மிகுதி. அங்ஙனமாயின், பசித்திருப்பவன் கருத்தூன்றிக் கற்பது எங்ஙனம்? வயிறு நிறைந்தால் மட்டும் போதுமோ? போதாது. உணவில் இரும்புச்சத்துக் குறைந்தால் குருதி பிராணவாயுவைப் போதிய அளவு ஏந்திச் செல்லாது, சோர்வு மிகும், கவனம் சிதறும்.

தமிழகம் இதனை முன்னரே உணர்ந்தது. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. 1982-இல் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் தோன்றின.

இவற்றை ஈகை எனக் கருதுதல் பிழை. நூலும் கரும்பலகையும் போல உணவும் கல்வியின் உறுப்பே. ஆகவே, சோறிட்டதோடு கடமை முடிந்தது என எண்ணாது, கீரையும் பருப்பும் முட்டையும் குறைவின்றிக் கிடைக்கச் செய்தல் வேண்டும். மாணவரும் இலையில் இட்ட கீரையை ஒதுக்குதல் ஆகாது. உடன் பயில்வோன் பாடத்தில் பின்தங்கினால், அவனை நகையாடாது அவன் பசியை அறிந்து உதவுதலே கற்றதன் பயனாகும்.