கூடத்தில் ஒரு பெருந்திரை



சென்ற மாதம் எங்கள் இல்லத்திற்குப் புதிய பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து விடுப்பில் வந்த மூத்த மகன், 55 அங்குலத் தட்டைத் திரைத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்தான். 'பெட்டி' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் அதில் பெட்டி ஏது? காலூன்றி நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகைதான் அது.

எங்கள் தெருவுக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்த 1980-களை நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்க, அந்த ஒரு வீட்டின் திண்ணைவரை கூட்டம் நிறையும். மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் "தெரியுது, தெரியுது" என்று குரல் கொடுப்பார். அன்று வாங்குவதுதான் பெரும்பாடு. வாங்கிவிட்டால் சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். இன்றோ தவணையில்கூட எளிதாக வாங்கிவிடலாம். வாங்கியதோடு வாழப் பழகுவதே பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தை நாங்கள் கற்ற விதத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நன்னி கண்ட குறை

முதல் நாள் இரவு, உணவுக்குப்பின் அனைவரும் ஒரு பழைய திரைப்படம் பார்க்க அமர்ந்தோம். பத்து நிமிடம் கழிந்திருக்கும். என் தாயார், பிள்ளைகளுக்கு நன்னி, முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இது சினிமா மாதிரியே இல்லையே! கல்யாண வீட்டு வீடியோ கேசட் மாதிரியில்ல இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி என்பது பின்னர்தான் விளங்கிற்று. திரைப்படம் பெரும்பாலும் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. இன்றைய திரைகளோ நொடிக்கு 60 முறையும், சில 120 முறையும் காட்சியைப் புதுப்பிக்கின்றன. இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்ப, ஒளிப்பதிவாளர் எடுக்காத படங்களைக் கருவியே புனைந்து நடுநடுவே செருகிவிடுகிறது. பந்து பறக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கு இது பொருந்தலாம். திரைப்படத்திற்கோ ஒரு செயற்கையான வழுவழுப்பைத் தந்துவிடுகிறது. இதை நிறுத்திவிட்டுப் படம் பாருங்கள் என்று 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் வீடியோச் செய்தி வெளியிட்டு வேண்டினார்கள். அவர்கள் கண்ட குறையை எங்கள் நன்னியும் கண்டுவிட்டார்!

வண்ணத்திலும் இதே கதைதான். கடையின் பளீரென்ற விளக்குகளுக்கிடையே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக வைக்கப்படும் மிகை ஒளியும் மிகை வண்ணமும் வீட்டுக்கு ஒவ்வா. அமைப்புப் பட்டியலில் 'சினிமா' அல்லது 'மூவி' என்பதைத் தேர்ந்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். முதலில் படம் சற்று மஞ்சளித்தது போல் தோன்றும். ஓரிரு நாளில் கண் பழகிவிடும். ஒளி குறைவதால் மின்சாரமும் மிச்சமாகும்.

இளையவனின் மனத்தாங்கல்

பத்தாம் வகுப்புப் படிக்கும் இளைய மகன் தன் விளையாட்டுக் கருவியை இணைத்தான். சிறிது நேரத்தில் அவனிடமிருந்தும் முறையீடு வந்தது: "அம்மா, பட்டனை அழுத்துனா ஆள் லேட்டாத்தான் குதிக்கிறான்." படத்தை மெருகேற்றும் வேலைகளையெல்லாம் முடித்த பின்னரே கருவி அதைத் திரைக்கு அனுப்புவதால் நேரும் தாமதம் இது. 'கேம் மோட்' என்பதை இயக்கியதும் அந்த வேலைகள் பெரும்பாலும் விலக, தாமதமும் குறைந்தது.

கருவியின் சிக்கல் ஒரு பொத்தானில் தீர்ந்தது. வீட்டின் சிக்கல் அவ்வாறு தீருமா? "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பான் அவன். அந்த ஐந்து நிமிடம் ஐம்பதாகும். அவனுடைய அத்தா ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட, இரவு முழுவதும் வீட்டில் பேச்சில்லை. பிறகு அமர்ந்து பேசியபோது ஓர் உண்மை புலப்பட்டது. திரைப்படம் தானே முடிந்துவிடும்; விளையாட்டு அப்படி முடிவதில்லை. ஆகவே முடிவை நாம்தான் முன்கூட்டிக் குறிக்க வேண்டும். 'இத்தனை மணிக்கு நிறுத்து' என்பதைவிட 'இந்த ஆட்டத்தோடு நிறுத்து' என்பதை அவன் மனம் ஏற்கிறது. பாடம் முடித்தபின் ஒரு மணி நேரம், மஃரிப் பாங்கு கேட்டால் திரை அணைய வேண்டும் என்று அவனே நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி ஒட்டினான்.

ஆயினும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "விளையாட உட்கார்ந்தால் உனக்கு உலகமே தெரியாது" என்று அவனைக் கடிந்துகொண்டே இருந்தேன்.

ஒரு கணத்தில் நேரவிருந்தது

பழைய பெட்டி நின்ற மேசையின்மீதே புதிய திரையையும் நிறுத்தியிருந்தோம். முன்னது கனமானது, அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். இது மெல்லியது, உயரமாக, நான்கடி அகலத்தில், இரு சிறு கால்களை மேசை விளிம்பருகே ஊன்றி நின்றது. அதன் பொருளை எங்களில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை. நான் அடுக்களையில் தேநீர் வடித்துக்கொண்டிருந்தேன். இளையவன் விளையாடிக்கொண்டிருந்தான். மகள்வழிப் பேரன், இரண்டு வயதுக் குழந்தை, மேசையின் இழுப்பறையை இழுத்து, அதையே படியாக்கி ஏறித் திரையின் விளிம்பைப் பிடித்துவிட்டான். மேசை முன்னால் சாய்ந்தது. "நன்னீ!" என்ற அலறல் கேட்டு ஓடினேன். கையிலிருந்ததை வீசி எறிந்துவிட்டுப் பாய்ந்த இளையவன், ஒரு தோளால் திரையைத் தாங்கி, மறுகையால் குழந்தையை அணைத்து நின்றான். மேசையின் முனை இடித்து அவன் முழங்கை கன்றிப்போயிருந்தது.

உலகமே தெரியாது என்று நான் பழித்த பிள்ளைதான் அந்தக் கணத்தில் கண்டான். மற்றவர்கள் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் எவரும் காணவில்லை. அன்றிரவு அவன் முழங்கைக்கு மருந்து தடவியபோது என்னால் ஒன்றும் பேச இயலவில்லை.

மறுநாளே ஆளை அழைத்துத் திரையைச் சுவரில் மாட்டினோம். மேற்பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் ஆழப் பதியுமாறு திருகாணிகளை இறக்கச் சொன்னோம். அமர்ந்த நிலையில் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வருமாறு உயரம் வைத்தோம். 55 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ ஏழடி தள்ளி நாற்காலிகளைப் போட்டோம். சன்னல் வெளிச்சம் எதிரொளிக்காதபடி திரைச்சீலையும் இட்டோம். மேசையில்தான் வைக்க வேண்டும் என்போர், பின்புறத்தைச் சுவரோடு வாரால் பிணைத்துவிடுங்கள். குழந்தை ஆசைப்படும் பொருள் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரையிலான குழந்தைகள் திரைமுன் அமர்வது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருப்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் நன்னி படம் பார்க்க வந்து அமருமுன், இளையவனே அமைப்பை மாற்றி வைக்கிறான். மெல்லிய திரைகளின் சிறு ஒலிபெருக்கிகளில் உரையாடல் அவருக்குத் தெளிவாகக் கேட்பதில்லை என்பதால், பேச்சொலியைத் துலக்கும் வசதியையும் தேடிப் பிடித்து இயக்கியிருக்கிறான்.

"இப்போ சினிமா மாதிரி இருக்கா நன்னி?" என்று கேட்கிறான்.

"ம், இப்பத்தான் சினிமா" என்கிறார் அவர்.

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று உங்கள் வீட்டுத் திரையை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது அசைந்தால், மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அதைச் சுவரோடு இறுக்குங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.