நோயாளிக்குப் பயணம் கிடையாதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பலரிடம் சிறு தொகை பெற்றுச் சேர்த்து வைத்து, அவர்களுள் இடருற்ற சிலருக்கு வழங்குவதே காப்பீடு. நம் ஊர்களில் மொய் எழுதுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஊருக்கெல்லாம் மொய் வைத்தவன் வீட்டு விசேஷத்தில், "உனக்கு மட்டும் கிடையாது" என்று கைவிரித்தால் ஊர் பொறுக்குமா? ஆனால் பயணக் காப்பீட்டில் அது நடக்கிறது.

வெளிநாடு செல்வோருக்கு விற்கப்படும் பாலிசிகள் பலவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. பயணத்துக்கு முன்பே இருந்த நோயால் மருத்துவச் செலவு வந்தால் பணம் இல்லை என்பதே அது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ஒரு வரம்புக்குள் கொடுக்கும் பாலிசிகளும் உண்டு.

முன்பே நோயுள்ளவர்கள் யாரோ சிலர் என்று எண்ண வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு. நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எது? மகனையோ மகளையோ பார்க்க விமானம் ஏறும் பெற்றோரில் பலர் இத்தகையோரே.

உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் முன்பு 48 மாதம் வரை இருந்தது. 2024இல் அதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தார்கள். அங்கே பொறுத்திருந்தால் பலன் உண்டு. முப்பது நாள் பயணத்தில் பொறுத்திருக்க நாள் ஏது?

எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். ஆகவே ரேஷன் அட்டை முதல் பாஸ்போர்ட் வரை விண்ணப்பம் நிரப்புவது என் பொறுப்பு. நாங்கள் பெரியம்மா என்றழைக்கும் எதிர்வீட்டுக்காரர், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் புறப்பட்டார். "தம்பி, சுகர்னு எழுதாதே. யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்றார் பாலிசி விற்க வந்த ஏஜென்ட். பெரியம்மாவோ, "இருக்கிறதை இருக்குன்னு எழுதுப்பா" என்றார். எழுதினேன். பாலிசியும் வந்தது. சர்க்கரையால் வரும் கேட்டுக்குப் பணமில்லை என்ற வரி அதன் நடுவே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. பெரியம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

நோயை மறைத்தால் என்ன ஆகும்? மறைத்ததையே காரணமாகக் காட்டிப் பணத்தை மறுக்க நிறுவனத்துக்கு வழி பிறக்கிறது. சொன்னால் மட்டும் எல்லாம் எளிதாகிவிடுமா? ஒரு வழக்கைப் பாருங்கள்.

2009இல் ஒருவர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா சென்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது பாலிசி தரும்போதே நிறுவனத்துக்குத் தெரியும். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் அவருக்கு உடல் வியர்த்துச் சோர்ந்தது. மருத்துவமனையில் இதயக் குழாய்களில் மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். முன்பே சர்க்கரையும் இரத்தத்தில் கொழுப்பும் இருந்தன என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவரது முறையீட்டைத் தள்ளியது. 2021 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தெரிவித்த நோயை அறிந்து பாலிசி கொடுத்த பின், அதே நோயைச் சொல்லி மறுக்கக் கூடாது என்றது. உண்மை வென்றது, ஆனால் வெல்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள்!

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நோயுள்ளவர்கள் மட்டுமே வந்து சேர்ந்தால் சேர்த்த பணம் கரைந்துபோகும். இதைக் கணித மாணவனாகிய நான் மறுக்கவில்லை. அபாயம் கூடினால் பிரீமியத்தைக் கூட்டட்டும். முடியாதென்றால் விற்கும்போதே, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போது சொல்வது வஞ்சனை. பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல் ஒரு விதி உள்ளது. நோயைக் காட்டிப் பயணக் காப்பீட்டை மறுக்கும் நிறுவனம், அத்தகையோருக்குக் காப்பீடு தருவோரின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கும் அப்படியொரு விதி வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? மருத்துவக் காப்பீட்டில், பாலிசியின் சாரத்தைச் சொல்லும் தகவல் தாளை, கேட்பவருக்கு வட்டார மொழியிலும் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2024 முதல் இருக்கிறது. பயணப் பாலிசிக்கும் அதைத் தமிழில் கேட்போம். நோயை எழுதி, எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்வோம். அநீதி நேர்ந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையில் அவர் அலுவலகம் இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நம் தெருவில் ஒருவர் பாலிசித் தாளோடு வந்து நிற்பார். கையெழுத்திடும் இடத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், எதற்குப் பணம் கிடையாது என்ற வரியை முதலில் படித்துச் சொல்வோம்.