கூழாங்கல் எங்க, கணக்கு எங்க?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவு. அதான் ரொம்ப நாளா வயித்தெரிச்சலா இருந்த ஒரு விஷயத்தைக் கொட்டிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஜெய்ப்பூர் வந்து பன்னிரண்டு வருஷமாச்சு. நான் என்ன வேலை பாக்குறேன்னு ஊர்ல அம்மாவுக்கே இன்னும் சொல்லத் தெரியாது. கிராமங்கள்ல தொண்டு நிறுவனங்கள் செய்யுற குடிநீர், தடுப்பணை, பள்ளிக்கூட வேலையெல்லாம் ஒழுங்கா நடந்துச்சான்னு பார்த்து அறிக்கை எழுதுறேன். 'மக்கள் பங்கேற்புடன் மதிப்பீடு'ங்கிற வார்த்தை இல்லாம இந்தத் தொழில்ல ஒரு அறிக்கையும் நகராது.

தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். ஊர் ஜனங்களைத் தரையில வண்ணப்பொடியால ஊர்ப்படம் போடச் சொல்லுவோம். எந்த மாசம் வேலை இருக்கு, எந்த மாசம் கடன் வாங்குறோம்னு கூழாங்கல் அடுக்கிக் காட்டுவாங்க. திட்டத்துக்கும் கல்லாலயே மார்க் போடுவாங்க. 1980களின் கடைசியில இந்தியாவுல நல்லா வேர் பிடிச்ச முறை இது. இதைப் பரப்பினதுல ராபர்ட் சேம்பர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நிபுணர் பார்க்கிற நிஜமா, ஏழை பார்க்கிற நிஜமா, எதைக் கணக்குல எடுக்கிறோம்னு அவர் கேட்டார். கேள்வியில எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதை நாங்க என்ன பண்ணி வச்சிருக்கோம்ங்கிறதுலதான் சண்டை.

என் கதையையே சொல்றேன். ஒரு குடிநீர்த் திட்டம். மேலத்தெரு ஆளுங்க பத்துக்கு ஒன்பது கல் வச்சாங்க. ஊருக்கு வெளிய இருக்கிற குடியிருப்புப் பெண்கள் மூணு கல் வச்சாங்க. குழாய் இருந்துச்சு, தண்ணி அவங்க வரைக்கும் ஏறலை. நான் போட்டோ எடுத்தேன், கூட்டினேன், இருபதுக்குப் பன்னிரண்டு. 'அறுபது சதவீதம் திருப்தி'ன்னு எழுதினேன். எழுதினது நான்தான், வேற யாரும் இல்லை.

அடுத்த வருஷம் திரும்பப் போனோம். போன தடவை எத்தனை கல் வச்சோம்னு அந்தப் பெண்களுக்கு ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும்? நாங்க கிளம்பினதும் படத்தைக் காத்து அடிச்சுட்டுப் போயிருச்சு. போட்டோ என் லேப்டாப்ல, அறிக்கை இங்கிலீஷ்ல. 'அன்னைக்கு மூணு, இன்னைக்கும் மூணுதான்'னு இன்ஜினியர் முன்னாடி நீட்ட அவங்க கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கண்காணிப்புன்னா நேத்தையும் இன்னைக்கையும் ஒப்பிடுறதுதானே? அந்த வசதியை அவங்ககிட்ட இருந்து எடுத்துட்டு வந்துட்டு, அதுக்குப் பங்கேற்புன்னு பேர் வைக்கிறோம்.

'படிக்காத ஜனங்களுக்குக் கணக்கு வழக்கு புரியாது சார்'னு எங்க தொழில்ல ஒரு பல்லவி உண்டு. சொல்றவங்க இதே ராஜஸ்தான்ல பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவுல நடந்ததைப் படிக்கணும். 1994 டிசம்பர்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அங்க முதல் மக்கள் விசாரணையை நடத்துச்சு. கூலிப் பட்டியலை ஊர் முன்னாடி சத்தமா வாசிச்சாங்க. யார் வேலை செஞ்சா, யார் செய்யலைன்னு ஊருக்குத் தெரியாதா? வாசிக்க ஒரு ஆள் இருந்தாப் போதும், மிச்சத்தை ஊரே சொல்லிடும். 'நம்ம பணம், நம்ம கணக்கு'ன்னு கிளம்பின அந்தப் போராட்டம்தான் 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு முக்கியமான வித்து.

அதே 2005ல வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17வது பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை செய்யணும், வருகைப் பட்டியல், பில், ரசீது, அளவுப் புத்தகம் எல்லாத்தையும் பஞ்சாயத்து எடுத்து வைக்கணும்னு சொல்லுச்சு. கூழாங்கல்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் பாருங்க. ஒண்ணு 'எப்படி இருக்கு?'ன்னு அபிப்பிராயம் கேக்குது. இன்னொண்ணு பில்லைக் காட்டிட்டு 'இது உண்மையா?'ன்னு கேக்குது.

கூழாங்கல்லே வேண்டாம்னு நான் சொல்லலை. பெரிய சபையில வாய் திறக்காத பெண்கள், மேலத்தெருவுக்குப் பயந்தவங்க, தனியா உக்காந்து கல் வச்சாத்தான் உண்மை வெளிய வரும். ஆனா கல்லோட கணக்கும் சேரணும். நான் கேக்குறது இவ்வளவுதான்: படமும் சார்ட்டும் ஊர்லயே இருக்கட்டும், நகல் நமக்குப் போதும். மேலத்தெரு மார்க்கையும் குடியிருப்பு மார்க்கையும் கூட்டிச் சராசரி போடக் கூடாது. செலவுக் கணக்கு அவங்க மொழியில, அவங்க சுவத்துல எழுதியிருக்கணும். அறிக்கையை அனுப்புறதுக்கு முன்னாடி ஊர்ல வாசிக்கணும், ஒத்துக்கலைன்னா அதையும் அதுலயே எழுதணும். குறையை யார், எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணுவாங்கன்னு பேர் போடணும்.

'இதெல்லாம் உன் ஆபீஸ் பாடு, எங்களுக்கு என்ன?'ன்னு கேப்பீங்க. நாமளும் பணம் அனுப்புறவங்கதானே? டெல்லியிலயும் புனேயிலயும் உக்காந்துக்கிட்டு ஊர்க் கண்மாய் தூர்வாரவும், படிச்ச பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டவும் அனுப்புறோம். வாட்ஸ்அப்ல ஜேசிபி போட்டோ வந்ததும் கை கூப்புற பொம்மையைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாக்குறோம். கடைமடையில வயல் வச்சிருக்கிறவர்கிட்ட 'தண்ணி வந்துச்சாண்ணே?'ன்னு எத்தனை பேர் போன் போட்டுக் கேட்டிருக்கோம்? அந்தக் கக்கூஸ்ல தண்ணி வருதான்னு அங்க படிக்கிற பொண்ணுங்ககிட்ட யாராவது கேட்டோமா?

சிவகங்கைப் பக்கம் எங்க ஊர்க் கண்மாய்க்கு நானும் ரெண்டு தடவை பணம் அனுப்பியிருக்கேன். கேக்கலை. இந்த வாரம் கமிட்டிக்காரங்ககிட்ட சொல்லியிருக்கேன், எனக்குப் போட்டோ வேண்டாம், பில்லை எல்லாம் டீக்கடைச் சுவத்துல ஒட்டுங்கன்னு. சித்தப்பாவுக்கு என் மேல வருத்தம். 'எங்களை நம்பலையாப்பா?'ன்னார்.

'நம்புறேன் சித்தப்பா, ஆனாலும் ஒட்டுங்க'ன்னேன். இன்னும் ஒட்டலை. ஞாயித்துக்கிழமை மறுபடி போன் போடணும்.