உள்ளே போகும் வாசலை யார் பார்ப்பது?

2024 ஜூலையில் ஆட்சியைப் பிடித்த பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் சிறைத் துறையை நம்பி ஒப்படைத்த ஆள், தேர்தலில் நின்றவரே அல்ல. செருப்பு ரிப்பேர் செய்து, டூப்ளிகேட் சாவி போட்டுத் தரும் கடைகளை நாடு முழுக்க நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டிம்ப்ஸன் அவர். மேலவை உறுப்பினராக்கி, கையோடு சிறைத் துறை அமைச்சராகவும் ஆக்கினார்கள். 1865-இல் மான்செஸ்டரில் ஒரு செருப்புக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 2002-இல் வாரிங்டன் அருகே தார்ன் கிராஸ் சிறையைப் பார்க்கப் போன ஜேம்ஸ், அங்கே சந்தித்த ஓர் இளைஞனிடம், வெளியே வந்ததும் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். இன்று அந்நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் சிறை சென்று வந்தவர்.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் சொன்னால் உடனே வரும் பதில், ‘நம் ஊரிலும் கைதிகளுக்கு வேலை இருக்கிறதே’ என்பதுதான். உண்மை. புழல், வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டையில் சிறைவாசிகள் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். ரொட்டியும் சட்டையும் காலணியும் சிறைச் சந்தையில் விற்கின்றன. 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடு, அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கு என்று சொன்னது. இதெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் டிம்ப்ஸன் செய்தது இதுவல்ல. இங்கே சிறை, தொழில் நடத்துகிறது. அங்கே ஒரு தொழிலதிபர் சிறை வாசலில் வந்து ஆள் எடுத்தார். சிறையின் பெட்ரோல் பங்கில் கள்ளக் கணக்கு இல்லாமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டவர், விடுதலையான மறுநாள் பக்கத்துப் பங்கில் போய் வேலை கேட்டால் என்ன நடக்கும்? செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கம்பெனி பஸ் வைத்துச் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக்கு அழைத்துப் போகிறார்கள். ‘கேஸ் ஏதாவது இருக்கா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவனுக்கு அந்த பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று அந்தக் கம்பெனிகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

தொழிலும் அரசியலும் சிறையும் ஒரே வாழ்க்கையில் கலந்த மனிதர் நம்மிடையே நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908-இல் சிறைக்குள் போனார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். செக்கைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்த பிறகு நடந்ததைப் பேசுவது குறைவு. கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வக்கீல் தொழிலுக்கான உரிமமான சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பார்த்தார்; குடும்பம் வறுமையில் கிடந்தது. கடைசியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர், ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் அளவுக்கு, பிழைக்க ஒரு வழி கிடைப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. வ.உ.சி.க்கே அந்தக் கதி என்றால், சாராய வழக்கில் போய்வந்த கூலிக்காரருக்கு?

ஆக, டிம்ப்ஸனைப் பின்பற்றுவோம் என்று கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் அவர் அமைச்சரான பிறகு நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவர் கண்டது, இடமில்லாமல் பிதுங்கிய சிறைகளை. 2024 செப்டம்பரில், தண்டனைக் காலத்தில் 40 விழுக்காடு கழித்தவர்களை வெளியே விடத் தொடங்கினார்கள். முதல் நாளில் மட்டும் சுமார் 1,700 பேர். அடுத்து, முந்தைய கன்சர்வேட்டிவ் ஆட்சியில் நீதித் துறையைக் கவனித்த டேவிட் காக்கிடமே தண்டனைச் சட்டங்களை ஆராயும் பொறுப்பைக் கொடுத்தார்கள். குறுகிய காலத் தண்டனைகளுக்குச் சிறைக்கு அனுப்புவதையே குறைக்கும் மசோதா அதிலிருந்து பிறந்தது. வெளியே வரும் வாசலில் இருபது ஆண்டுகள் நின்ற மனிதர், அதிகாரம் கைக்கு வந்ததும் உள்ளே போகும் வாசலுக்கு ஓட வேண்டியதாயிற்று. வேலைவாய்ப்பு என்பது கடைசிக் கட்டத்து மருந்து. அதற்கு முந்தைய கட்டங்கள் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் இருக்கின்றன.

நம் வாசலைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க வழி செய்கிறது. அதே 2022 கணக்கின்படி, தடுப்புக் காவலில் இருந்தோர் நாட்டிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம். இவர்களுக்கெல்லாம் சாவி வெட்டும் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. துப்புக் கிடைக்காத திருட்டு வழக்குகளை இருளர் தலையில் கட்டிவிடும் பழக்கத்தை எதிர்த்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் முப்பது ஆண்டுகளாகப் போராடுகிறது. செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவரிடம் ‘திருந்தி வாழ இரண்டாவது வாய்ப்பு’ என்று பேசுவது அவமானம். முதல் வாய்ப்பையே அவருக்கு யாரும் தந்ததில்லை.

ஜாமீன் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. இந்த வட்டாரத்துத் தளவானூரிலிருந்து ஒரு கூலித் தொழிலாளி கைதாகிறார் என்று வையுங்கள். ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். அவர்களுக்குச் சொத்து வேண்டும். அதற்குத் தாசில்தாரின் சான்று வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறது, யாருக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதில் சாதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1978-இல் மோத்தி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகச் சாடினார். கொத்தனாரான மோத்தி ராமிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், ஜாமீன்தாரராக வந்த அவருடைய சகோதரரை வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளியிருந்தார். கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளத்தில் சிறைத் துறையையும் பார்த்த அமைச்சர். அதற்கு முன் தாமே சிறையிலும் இருந்தவர்.

செஞ்சி ராஜகிரி அடிவாரத்தில் கைதிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியில் சாகவிட்டார்களாம். எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்களில், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் இன்றைக்கும் உள்ளே இருப்பவர்களை அறிந்தவர் எத்தனை பேரோ.

ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். வெட்டியவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறீர்கள், வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு என்ன? டிம்ப்ஸன் நிறுவனமும் எல்லாரையும் எடுப்பதில்லை; பாலியல் குற்றவாளிகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் இந்த மறுப்பு தண்டனைக் கைதிகளைப் பற்றியது. விசாரணைக் கைதி விஷயத்தில் ‘வெட்டியவன்’ யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

தண்டனைக் கைதிகளுக்கு மான்செஸ்டர் வரை போக வேண்டாம். ராஜஸ்தானின் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் 1960-களிலிருந்தே கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, வெளியே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நம் திறந்தவெளிச் சிறைகள் பண்ணை வேலையோடு நின்றுவிட்டன. சிறைகளுக்கு அலுவல்சாராப் பார்வையாளர்களை நியமிக்க விதிகளில் இடமுண்டு. அதைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் அரசை வலியுறுத்த வேண்டியிருந்தது. கடலூர் மத்தியச் சிறைக்கும் விழுப்புரம் வேடம்பட்டுச் சிறைக்கும் கட்சிக்காரர்களுக்குப் பதில், ஆள் எடுக்கும் அதிகாரமுள்ள முதலாளிகள் சிலரை அந்த இடத்தில் போடலாம்.

விசாரணைக் கைதிகள் விஷயத்தில் தொழிலதிபர் புத்தி ஒன்றே ஒன்றுக்கு உதவும்: சரக்கு எங்கே தேங்குகிறது என்று கேட்பது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரின் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை தரும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ஆகவே ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியல் ஒவ்வொரு சிறையின் கணினியிலும் இருந்தாக வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு, எந்தச் சிறையில் எத்தனை பேர், எத்தனை நாளாக என்று மாதந்தோறும் வெளியிட நம் சிறைத் துறை அமைச்சருக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.