முப்புரி இழை

கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்தைக் கண்டு கைகூப்புவர். விமானத்தை நோக்கி வியப்பர். ஒரு கல்லை மறு கல்லோடு பிணைத்து நிற்கும் உட்பிணைப்பை எவரும் எண்ணுவதில்லை. உடல் என்னும் ஆலயத்திலும் அப்படி ஒரு பிணைப்பு உண்டு. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பைக் கண்டு உரைத்தவர் விஞ்ஞானி ஜி.என். இராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூரில் சர் சி.வி. இராமனின் மாணவராய்ப் பயின்று, 1952-இல் முப்பது வயது நிறைவதற்கு முன்னரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அங்குதான் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று நிறுவினார். முப்புரி நூலை அறிந்த நம் மக்களுக்கு இது விளங்கக் கடினமன்று.

அந்தக் கயிற்றில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் அமர்ந்திருக்கிறது. அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது. அது உள்ளே ஒடுங்கி இடம் கொடுப்பதால்தான் மூன்று இழைகளும் நெருங்கிப் பின்ன முடிகிறது. அவ்விடத்தில் பெரியது ஒன்று வந்து அமர்ந்தால் பின்னல் குலையும்.

இல்லறத்திலும் இவ்வாறு ஒடுங்கி நின்று தாங்குவோர் உண்டு. 1945-இல் இராமச்சந்திரனின் கைப்பற்றி வந்த துணைவியார் அத்தகையவர். இரு புதல்வரும் ஒரு புதல்வியும் பிறந்தனர். புரதங்களின் மடிப்பை அளக்கும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963-இல் வெளிவந்தது. 1977-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. நியாய சாஸ்திரத்தையும் சமணரின் சியாத்வாதத்தையும் கணிதத்தின் வழியே ஆராய்வதிலும் அவர் ஈடுபட்டார். இத்தனைக்கும் நடுவே மனைவியிடம் அவர் கொண்டிருந்த பற்று ஆழமானது.

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியது. நம் வைத்திய நூல்கள் கம்பவாதம் என்று கூறும் நோயோடு ஒப்பிடப்படுவது இது. மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக நலிகின்றன. கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, அடி எடுத்து வைப்பதே அரிதாகிறது. மருந்து தளர்ச்சியைத் தணிக்கும்; நோயை வேரறுக்காது. எலும்பையும் நாணையும் பிணைக்கும் இழையை உலகுக்குக் காட்டியவரின் உடலே சொற்கேளாத நிலையை எய்தியது.

1998-இல் துணைவியார் முந்திக்கொண்டார். அந்த இழப்பு அவரை நிலைகுலையச் செய்தது. மறு ஆண்டு, படிகவியலின் உயர்ந்த விருதான எவால்ட் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் உடன் வந்தவர் அதைக் காண இல்லை. 2001 ஏப்ரல் 7 அன்று அவரும் சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

இந்நோய் புகுந்த இல்லங்கள் இன்றும் பல. அங்குள்ளோர் மனத்தில் இருத்த வேண்டியவை சில. நோயாளியின் முகத்தில் புன்னகை தோன்றாதது மகிழ்ச்சியின்மை அன்று; முகத்தசைகள் விறைத்திருக்கின்றன. குரல் தாழ்ந்திருப்பது சினத்தால் அன்று. பிராகாரத்தில் அவர் மெல்ல நடந்தால் பின்வருவோர் அவசரப்படுத்தலாகாது. அவசரப்படுத்தினால் அவர் கால் தரையோடு ஒட்டியது போல நின்றுவிடக்கூடும். மருந்தை மருத்துவர் குறித்த வேளை தவறாமல் தருதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நாள்தோறும் செய்கிறவர் பெரும்பாலும் அதே வயதை எட்டிய மனைவியோ கணவரோ ஆவார். உறவினர் வந்து நோயாளியின் நலம் கேட்கின்றனர். பக்கத்தில் நிற்பவரின் உறக்கத்தை, முழங்கால் வலியை எவரும் கேட்பதில்லை. அவர் தளர்ந்தால் இருவரும் தளர்வர். ஆகவே மக்களும் சுற்றத்தாரும் மூன்றாம் இழையாகி வந்து சேர்தல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை அவர்கள் நோயாளியின் அருகில் அமர்ந்தால், அந்த அம்மையார் கோயிலுக்குச் சென்று கவலையின்றி ஒரு நாழிகை நின்று வருவார். சந்நிதியில் ஏற்றும் விளக்கின் புண்ணியத்துக்கு இச்செயல் சற்றும் குறைந்ததன்று.