எடை சொன்னது பாதி, வேகம் சொன்னது மீதி

ஒரு பொருளின் எடை தெரிந்துவிட்டால் அதைப் பற்றி எல்லாமே தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு பலருக்கும் உண்டு. அது எவ்வளவு தவறு என்பதற்கு சி60 கதையே போதும்.

1985 செப்டம்பர், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம். க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூவரும் ஆராய்ச்சி மாணவர்களோடு சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, ஹீலியத்தில் குளிரவைத்து, உருவான கார்பன் கொத்துகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை போட்டார்கள். 720-ல் ஒரு முகடு தனியாக உயர்ந்து நின்றது. ஒரு கார்பன் அணுவின் எடை 12. ஆக, 60 அணுக்கள். கால்பந்து வடிவம் என்று அறிவித்தார்கள். 1996-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலும் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். அதுதான் சரியில்லை!

அந்தக் கருவி சொன்னது எடையை மட்டும்தான். கறாராகச் சொன்னால், எடைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை. 60 அணுக்கள் பந்தாகவும் இருக்கலாம், பெரிய வளையமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் 720தான். பந்து என்பது அருமையான ஊகம், ஆனால் அன்றைக்கு ஊகம். அப்போது சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

1990-ல் க்ராட்ச்மர், ஹஃப்மேன் குழுவினர் சி60-ஐத் திடப்பொருளாகவே தயாரித்த பிறகு பந்து உறுதியானது. சரி, லேசர் கிளப்பும் ஆவியில் மிதக்கும் கொத்துகள் எல்லாம் பந்துதானா?

அதற்குப் பதில் சொன்னது அயனி நகர்திறன் முறை. ஹீலியம் நிரப்பிய ஒரு குழாய். மின்புலம் அயனிகளை முன்னால் இழுக்கும், ஹீலியம் மோதித் தடுக்கும். விரித்த குடைக்கும் மடக்கிய குடைக்கும் எடை ஒன்றுதான். ஆனால் எதிர்க்காற்றில் விரித்த குடையோடு நடந்து பாருங்கள்! அதேபோல வளையம் தாமதமாக வரும், பந்து முந்திக்கொள்ளும்.

1990-களின் தொடக்கத்தில் சான்டா பார்பராவில் மைக்கேல் பவர்ஸ் குழு இப்படிப் பிரித்துப் பார்த்தது. சிறிய கொத்துகள் சங்கிலிகள், அடுத்து வளையங்கள், சுமார் 30 அணுக்களிலிருந்து பந்துக்கூடுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே எடையில் பல வடிவங்கள்! 1993-ல் ஜாரோல்ட் குழு 60 அணு வளையங்களை மோதலால் சூடேற்றியபோது அவை பந்தாகவே மாறின. வளையம் கழிவல்ல, கச்சாப்பொருள். எடையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இந்த முறையும் படம் பிடித்துக் காட்டுவதில்லை. மோதும் பரப்பை ஓர் எண்ணாகத் தரும். அதைக் கணக்கிட்ட மாதிரி வடிவங்களோடு ஒப்பிட வேண்டும். ஆனாலும் இரண்டாவது அளவு முதல் அளவைக் கேள்வி கேட்கிறது. அறிவியலுக்கு அதுதானே வேண்டும்?

இருப்பாய்வு டாலி ஆகிவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று எந்த வணிகவியல் மாணவனும் சொல்ல மாட்டான். 720-க்கும் அதே விதிதான்.